வேலாங்கரட்டுக்குக் கயிறு

கடகடவென்று ஷட்டர் மேலேறிய சத்தத்தில் கட்டிங் டேபிளைச் சுற்றி உட்கார்ந்திருந்த மூவரும் திடுக்கிட்டுத் திரும்பினார்கள். சாப்பாட்டு நேரத்தில் ஷட்டரை யாரும் தொடுவதில்லை. வெளிச்சத்தில் ஜெயசுதா நின்றிருந்தாள், கையில் ஒரு மஞ்சள் பையோடு. புருஷன் தீனதயாளன் செத்ததிலிருந்து பதினோரு மாதமாகப் பனியன் கம்பெனிப் பக்கமே எட்டிப் பார்க்காதவள்.

தையல்காரன் மருதாசலம் வாய்க்குக் கொண்டுபோன தக்காளிச் சோற்றை டப்பாவிலேயே போட்டான்.

ஒரு நிமிடம் முன்புவரை சிரிப்பும் கும்மாளமுமாக இருந்தது. சூப்பர்வைசர் ஈஸ்வரமூர்த்தி அட்டைப்பெட்டி மூடியில் மலையை வரைந்து, திட்டம் போட்டுக்கொண்டிருந்தான். பங்குனி உத்திரத்தன்று வேலாங்கரட்டின் உச்சியில் இருக்கும் வேலுக்குப் புதுத்துணி சாத்துவது இந்தக் கம்பெனித் தையல்காரர்களின் வழக்கம். ஐந்து மணிக்கு அவிநாசிபாளையத்தில் டீ. ஆறுக்கு அடிவாரம். எட்டுக்குச் சுனை. அதற்கு மேல் நாற்பதடி மொட்டைப் பாறை. படி கிடையாது, கையும் காலும் ஊன்றித்தான் ஏறவேண்டும்.

"கிட்டுசாமி, உன்ற தொப்பைக்குத் தனியா ஒரு வேன் சொல்லோணுமாப்பா?" என்று சீண்டினான் ஈஸ்வரமூர்த்தி.

"நீ முதல்ல மாடிப்படி ஏறிப்போட்டு மூச்சு வாங்காமப் பேசிக் காட்டு."

இப்போது இருவரும் அவசரமாகச் சாப்பாட்டு டப்பாக்களை மூடினார்கள்.

"உத்திரத்துக்கு நானும் வரேனுங்க" என்றாள் ஜெயசுதா. "அவரு தெச்ச துணி போன வருசம் உச்சிக்குப் போகலை. அதை நான் சாத்தோணும்."

"வேண்டாம் அம்மிணி" என்று அவசரமாகச் சொன்னான் மருதாசலம். "பாறை வழுக்கும். பொம்பளைங்க சுனையோட நின்னுக்கறதுதானே?"

அவள் பையைக் கவிழ்த்தாள். முறுக்கிய துணிக்கயிறு ஒன்று டேபிளில் விழுந்தது.

"போலீஸ் ஸ்டேஷன்ல போன வாரம் குடுத்தாங்க. அவரு இடுப்புல கெடந்தது."

மருதாசலம் முறுக்கிய கயிறுதான் அது. கட்டிங்கில் கழிந்த பனியன் ரிப் துணிப் பட்டைகளை மூன்று புரியாக முறுக்கியது. பைக்கில் பண்டல் கட்ட, தொட்டில் கட்ட, கன்றுக்குட்டி கட்ட என்று ஊரில் எல்லாவற்றுக்கும் இதுதான். ஆளின் பாரம் விழுந்தால் பனியன் துணி எவ்வளவு நீளும் என்பது இருபது வருடம் அதே துணியைத் தைத்தவனுக்கு போன உத்திரத்தன்று தோன்றவில்லை. மொட்டைப் பாறையில் கீழே ஏறிவந்த தீனதயாளனின் கால் வழுக்கியதும் கயிறு நீண்டது, நீண்டுகொண்டே போனது. மறுமுனையை இடுப்பில் கட்டியிருந்த மருதாசலத்தைப் பாறை விளிம்புவரை இழுத்தது. "மருதா, புடிச்சுக்கோ!" என்ற குரல் நினைவிருக்கிறது. கழுத்தில் தொங்கும் நூல் கத்திரிக்குக் கை போனதும் நினைவிருக்கிறது.

போலீசிடமும் ஊரிடமும் இவளிடமும் அவன் சொன்னது ஒன்றுதான். அறுந்துபோச்சுங்க.

ஜெயசுதா கயிற்றின் முனையை எடுத்தாள். பன்னிரண்டு வருடம் செக்கிங் டேபிளில் ஓட்டையும் இழை விட்டதும் பார்த்த விரல்கள் அதை மெதுவாகத் தடவின. அறுந்த பனியன் துணியில் இழை ஏணி ஏணியாகப் பிரிந்து தொங்கும். இந்த முனையில் மூன்று பட்டைகளும் ஒரே மட்டத்தில் நின்றன. அந்த டேபிளில் யார் குனிந்து பார்த்தாலும் ஒரே பார்வையில் தெரிந்துவிடும்.

மருதாசலம் அட்டை மூடியை இழுத்து, கயிற்றின் மேல் மூடினான்.

"அந்தக் கருமத்த எடுத்து உள்ள வைங்க அம்மிணி" என்றான் ஈஸ்வரமூர்த்தி, எதையும் கவனிக்காமல். "வந்துதான் ஆவேன்னா வாங்க. இந்தத் தடவை காங்கேயத்துல நல்ல நைலான் கயிறா வாங்கிக்கலாம். மேல நின்னு புடிக்கறதுக்கு வழக்கம்போல மருதாசலம்."

பேனாவை எடுத்து மூடியின் ஓரத்தில் எழுதப் போனான். ஜெயசுதா அவன் கையைத் தடுத்தாள். அவள் பார்வை மருதாசலத்தின் கழுத்தில் இருந்தது.

"மேல நான் நின்னு புடிக்கறேனுங்க, நீங்க கீழ இடுப்புல கட்டிக்கிட்டு ஏறுங்கண்ணா, கழுத்துல கெடக்கற அந்தக் கத்திரிய மட்டும் எங்கிட்டக் குடுத்துட்டு."