மூக்கரசி வைத்த சோதனை

காப்பிக்கொட்டை வறுக்கும் அந்தக் கம்பெனியில் அவளுக்கு மூக்கரசி என்று பெயர். பதினெட்டு வருஷமாக ருசி பார்க்கும் அறைக்கு அவள்தான் தலைவி. கோப்பையை மூக்கருகே கொண்டுபோனால் போதும், எந்த மூட்டை, எத்தனை நிமிஷம் வறுபட்டது என்று புட்டுப்புட்டு வைப்பாள். அதெல்லாம் நாலு மாசத்துக்கு முன்பு வரைக்கும். ஒரு காய்ச்சல் வந்து அவள் மோப்பத்தை மொத்தமாக வாரிக்கொண்டு போய்விட்டது. சோப்பு, பெட்ரோல், மழை, எதுவும் தெரியவில்லை. நாக்கில் இனிப்பும் புளிப்பும் கசப்பும் மட்டும் மிச்சம். அதை வைத்துக்கொண்டு, மற்றவர்கள் முகம் போகிற போக்கைப் பார்த்துக் குத்துமதிப்பாக எழுதி ஒப்பேற்றிக்கொண்டிருந்தாள். புருஷனிடம்கூட மூச்சுவிடவில்லை. வெளியே தெரிந்தால் நாற்காலி போய்விடும்.

இந்த லட்சணத்தில்தான் கொழுந்தன் பெண்டாட்டி அதே அறைக்கு வேலைக்கு வந்து சேர்ந்தாள். உலகத்தில் வேறு வேலையா இல்லை? வீட்டில் மாமியார் சின்னவளின் கைமணத்தைப் பாடுவதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போனது போதாதா?

வந்த மூன்றாம் வாரம் சின்னவள் ஒரு தாளில் 'அக்ரிட்' என்று எழுதிவிட்டாள். 'பிட்டர்' என்று எழுதினால் காப்பி கடைக்குப் போகும். 'அக்ரிட்' என்றால் அந்த வறுப்பையே நிறுத்த வேண்டும். அதே கோப்பைக்கு மூக்கரசி 'பிட்டர்' என்று எழுதியிருந்தாள். மேனேஜர் இரண்டு தாளையும் பார்த்துவிட்டு, இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று சின்னவளிடம் கேட்டார்.

"கசப்புன்னா நாக்கோட நின்னுரும் சார். இது மூக்குல ஏறித் தொண்டையைப் புடிக்குது. ரப்பர் எரிஞ்சா புகை கண்ணைக் கரிக்குமே, அந்த மாதிரி வாசனைக்குத்தான் அக்ரிட்னு சொல்லுவாங்க. யாராவது சுருக்குன்னு பேசினாக்கூட அந்த வார்த்தையப் போடுறதுண்டு."

மேனேஜர் தலையை ஆட்டினார். பதினெட்டு வருஷமாக அந்தத் தலை மூக்கரசிக்கு மட்டுமே ஆடிய தலை. மூக்கரசி குறுக்கே புகுந்தாள்.

"ரெண்டும் ஒண்ணுதான் சார். கசப்புக்குக் கோட்டு சூட்டுப் போட்டுவிட்டா அக்ரிட்," என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். பாவம், அவள் பொய் சொல்லவில்லை. அந்தக் கோப்பையில் அவள் நாக்குக்கு எட்டியதெல்லாம் கசப்பு ஒன்றுதான். "வேணும்னா நாளைக்குச் சோதிச்சுப் பாத்துருவோம்."

மறுநாள் காலையில் முதல் ஆளாக வந்தாள். நல்ல காப்பியாகப் பார்த்து ஒரே பாத்திரத்தில் போட்டு மூன்று கோப்பையில் ஊற்றினாள். ஒன்று மட்டும் அக்ரிட், எது என்று கேட்க வேண்டும். சின்னவள் ஏதாவது ஒன்றைக் காட்டுவாள். மூன்றும் ஒன்றுதானடி என்று சபையில் போட்டு உடைக்க வேண்டும். அந்த ஆசையின் அவசரத்தில், மிச்சக் காப்பியோடு பாத்திரத்தை மின்அடுப்பில் திரும்ப வைத்தவள் அடுப்பை அணைக்கவில்லை.

எல்லாரும் வந்து உட்கார்ந்தார்கள். மூக்கரசி அடுப்புக்கு முதுகைக் காட்டி நின்றாள். "மூணுல ஒண்ணு அக்ரிட். எதுன்னு சொல்லு."

ருசி பார்ப்பவர் முடிக்கும்வரை மற்றவர் வாய் திறக்கக் கூடாது என்பது அங்கே சட்டம். சின்னவள் உறிஞ்சினாள், வாய் கொப்பளித்தாள், மறுபடி முதலிலிருந்து உறிஞ்சினாள். நேரம் போய்க்கொண்டே இருந்தது. மூக்கரசிக்குக் கண் எரிந்தது. தொண்டை கமறியது. இவளைப் பார்த்தாலே எனக்கு இப்படித்தான் ஆகிறது என்று நினைத்துக்கொண்டாள். எதிரே ஒருவர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்தினார். சின்னவள் முழிக்கிற முழியைப் பார்த்துச் சிரிப்பை அடக்குகிறார் என்று மூக்கரசிக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது.

சின்னவள் கடைசிக் கோப்பையைக் கீழே வைத்தாள். "மூணும் ஒரே காப்பிதான்க்கா. அக்ரிட் எதுலயும் இல்ல." பிறகு குரலைத் தணித்து, "உங்களுக்குப் பின்னாடிதான் இருக்கு," என்றாள்.

மூக்கரசி திரும்பினாள். பாத்திரம் வற்றிக் கருகி, புகை சுவரெல்லாம் ஏறிக்கொண்டிருந்தது. சின்னவள் ஓடிப்போய் அடுப்பை அணைத்து ஜன்னலைத் திறந்தாள்.

"இதுவும் சோதனையில சேத்தின்னு நெனச்சேன்," என்றார் மேனேஜர் இருமிக்கொண்டே. "பக்கத்துலயே நிக்கிறீங்க. உங்களுக்குத் தெரியலையா?"

மூக்கரசி கருகிய பாத்திரத்தைத் துணியால் பிடித்துத் தொட்டியில் போட்டாள்.

"அக்காவுக்கு ரெண்டு நாளா ஜலதோஷம் சார்," என்றாள் சின்னவள். "வீட்டுலயும் ஒரே தும்மல்."

மேனேஜர் தலையை ஆட்டினார். மறுபடியும் அவளுக்குத்தான். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், நாற்காலி தப்பித்துவிடும். மூக்கரசி சின்னவளின் முகத்தைப் பார்த்தாள். எத்தனை நாளாகத் தெரியுமோ இவளுக்கு. மாமியார் இவளுக்கு, மேனேஜர் இவளுக்கு, இனி இந்த நாற்காலியிலும் இவள் போட்ட பிச்சையிலா உட்கார வேண்டும்?

"ஜலதோஷமும் இல்ல, ஒண்ணும் இல்ல," என்றாள். "நாலு மாசமா எனக்கு எந்த வாசனையும் தெரியாது சார். நேத்து அவ எழுதினதுதான் சரி. அந்த வறுப்ப நிறுத்துங்க."

உண்மை பேசியதற்காக யாரும் அவளை மெச்ச வேண்டாம். சின்னவளின் தயவில் பிழைக்க மனசு வராமல் பேசிய உண்மை அது. ஏப்ரனைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள். பதினெட்டு வருஷத்துக்கும் சேர்த்து அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அதற்குள் சின்னவள் முகத்தைப் பொத்திக்கொண்டு விசும்ப ஆரம்பித்துவிட்டாள். எல்லாரும் அவளைத் தேற்றப் போனார்கள். இதிலும் முந்திக்கொண்டாளே என்று மூக்கரசிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.