நீலத்துக்குக் கீழே நாலு நிறம்

தடயவியல் ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு லென்ஸ் அக்கா என்று பெயர். நுண்ணோக்கியில் கண்ணை வைத்துவிட்டால் பக்கத்தில் இடி விழுந்தாலும் அவளுக்குக் கேட்காது. அன்றைக்கும் இன்ஸ்பெக்டர் மூன்று முறை செருமிய பிறகுதான் நிமிர்ந்தாள்.

அவர் இரண்டு சிறிய உறைகளை மேஜைமேல் வைத்தார்.

"சின்ன கேஸ்தான் மேடம். ரிட்டயர்டு கணக்கு வாத்தியார் ஒருத்தர். புதுசா வாங்கின எலெக்ட்ரிக் ஸ்கூட்டர்ல போனப்போ, நீல வேன் ஒண்ணு இடிச்சுட்டு நிக்காமப் போயிடுச்சாம். மணிக்கட்டு முறிஞ்சிருக்கு. அந்த ஏரியாவுல நீல வேன்னா பிரெட் கம்பெனி வேன் மட்டும்தான். ஒரு உறையில ஸ்கூட்டர்ல ஒட்டியிருந்த பெயின்ட், இன்னொண்ணுல வேன் பெயின்ட்."

"டிரைவர் என்ன சொல்றார்?"

பதில் கதவுப் பக்கமிருந்து வந்தது. "நான் இல்லவே இல்லக்கா! குழந்தையைக் குளிப்பாட்டற மாதிரி தினம் கழுவுற வண்டி. ஒரு கீறல் இருக்கான்னு கேளுங்க!"

"வேனை ஸ்டேஷன்ல நிறுத்தி வெச்சதுலேருந்து எங்க போனாலும் பின்னாலயே வர்றார்" என்று இன்ஸ்பெக்டர் அலுத்துக்கொண்டார்.

வெறும் கண்ணுக்கு இரண்டும் ஒரே நீலம்தான். லென்ஸ் அக்கா இரண்டு செதில்களையும் பிசினில் பதித்து, அது கெட்டியானதும் பக்கவாட்டு விளிம்பு தெரியும்படி மழமழவென்று தேய்த்தாள். பிறகு நுண்ணோக்கியில் வைத்தாள்.

வேன் பெயின்டில் சாம்பல் நிறப் பூச்சு ஒன்று, அதன்மேல் நீலம் ஒன்று. இரண்டும் கோடு போட்ட மாதிரி சீராக இருந்தன. ஸ்கூட்டர் செதிலிலோ நீலத்துக்குக் கீழே பழுப்பு, அதற்கும் கீழே மஞ்சள், வெள்ளை, பச்சை. ஓரிடத்தில் தடிப்பு, ஓரிடத்தில் மெலிவு. மஞ்சளுக்குள் ஒரு முடி வேறு சிக்கிக் கிடந்தது. பிரஷ் முடி! அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

சிரிப்பை அடக்கிக்கொண்டு, இரண்டு நீலத்தையும் அகச்சிவப்பு நிறமாலைக் கருவியில் வைத்தாள். எந்தப் பொருள் எந்த ஒளியை விழுங்குகிறது என்பதைக் கருவி மலைத்தொடர் போல் வரைந்து காட்டும். இரண்டு மலைத்தொடர்களும் ஒன்றுக்கொன்று ஒட்டவேயில்லை. வேனில் இருந்தது தொழிற்சாலையில் சூடேற்றி இறுக்கிய பூச்சு. மற்றது கடையில் டப்பாவில் விற்கிற சாதாரண எனாமல்.

"சார், இது வண்டியே இல்ல. யாரோ திரும்பத் திரும்ப கையால பெயின்ட் அடிச்ச சாமான். கதவோ கேட்டோ."

"கேட் எப்படி மேடம் ரோட்ல ஓடிவந்து இடிக்கும்?"

"கேட் ஓடியிருக்காது சார். வாத்தியார் ஓடியிருப்பார்."

இன்ஸ்பெக்டர் ஒரு நொடி விழித்தார். அடுத்த நொடி ஜீப் சாவியை எடுத்தார். லென்ஸ் அக்காவும் கிளம்பினாள். டிரைவர் யாரும் கூப்பிடாமலே பின்சீட்டில் ஏறிக்கொண்டார்.

வாத்தியார் தன் வீட்டில் கட்டுப் போட்ட கையோடு கட்டிலில் சாய்ந்திருந்தார். பக்கத்து நாற்காலியில் அவர் மகளின் மாமனார், பழப்பையை மடியில் வைத்தபடி நலம் விசாரித்துக்கொண்டிருந்தார். இன்ஸ்பெக்டரைப் பார்த்ததும் சம்பந்தி எழுந்துவிட்டார்.

"நல்ல சமயத்துல வந்தீங்க சார்! நானே ஸ்டேஷனுக்கு வரணும்னு இருந்தேன். போன வாரம் நாங்க ஊர்ல இல்லாதப்போ எவனோ எங்க கேட்டை இடிச்சு நெளிச்சுட்டுப் போயிட்டான். எவ்வளவு ஆசையா நீலம் அடிச்சிருந்தேன் தெரியுமா? காலையிலேருந்து திரும்பவும் அதே வேலைதான், பாருங்க." விரல்களை நீட்டினார். நகமெல்லாம் நீலம்.

"அதுக்கு முன்னாடி பழுப்பா அடிச்சிருந்தீங்க?" என்று லென்ஸ் அக்கா மெல்லக் கேட்டாள்.

"ஆமா!"

"அதுக்கும் முன்னாடி மஞ்சள்?"

"அட, எங்க தெருவாம்மா நீங்க?"

கட்டிலில் போர்வை மெதுவாக வாத்தியாரின் மூக்கு வரை ஏறியது.

"சம்பந்தி..." என்று போர்வைக்குள்ளிருந்து குரல் வந்தது. "நான்தான்."

ஸ்கூட்டரைக் காட்டி அசத்தலாம் என்று சம்பந்தி வீட்டுக்குப் போயிருக்கிறார். வாசலில் பிரேக் பிடிக்கிறோம் என்று நினைத்து ஆக்ஸிலரேட்டரை முறுக்கியிருக்கிறார். வீட்டுக்கு வந்ததும் மகன் துருவித் துருவிக் கேட்க, ஒட்டியிருந்த நீலத்தைப் பார்த்து வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டார். மகன் நேரே போலீசுக்குப் போவான் என்று எதிர்பார்க்கவில்லை.

"பொண்ணு கொடுத்த வீட்டு வாசல்ல விழுந்தேன்னு எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுச் சொல்றது?"

சம்பந்தி சிரித்த சிரிப்பில் பழப்பை கவிழ்ந்து ஆரஞ்சுகள் கட்டிலடியில் உருண்டன. இன்ஸ்பெக்டர் மட்டும் சிரிக்கவில்லை. பொய்ப் புகாருக்கு என்ன தண்டனை என்று அவர் விளக்கி முடிப்பதற்குள் வாத்தியாருக்கு வியர்த்துவிட்டது. புகாரைத் திரும்பப் பெறுகிறேன் என்றவர், வாசலுக்குத் தானே நடந்து வந்து டிரைவரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மன்னிச்சுடுப்பா. என் மானத்தைக் காப்பாத்த உன் பொழப்பைக் கெடுத்துட்டேன்."

டிரைவர் கோபமாக ஏதோ சொல்லத்தான் வாயெடுத்தார். அந்தக் கட்டுப் போட்ட கையைப் பார்த்ததும் மனம் வரவில்லை.

"சரி விடுங்க ஐயா. அடுத்த தடவை பொய் சொன்னா, வேற கலரைச் சொல்லுங்க."

லென்ஸ் அக்கா சம்பந்தி வீட்டுக் கேட்டில் புதுப் பூச்சு இன்னும் படாத இடத்திலிருந்து ஒரு செதில் எடுத்துவந்து சரிபார்த்தாள். ஐந்து அடுக்குகளும் வரிசை பிசகாமல் பொருந்தின. அன்று சாயங்காலமே வேன் ஸ்டேஷனை விட்டுக் கிளம்பியது.

கை குணமானதும் சம்பந்தியே வாத்தியாருக்கு ஸ்கூட்டர் கற்றுக்கொடுக்க ஆரம்பித்தார். மைதானத்தில் பின்சீட்டிலிருந்து அவர் "பிரேக்கு, பிரேக்கு!" என்று அலறுவது பிரெட் கம்பெனி வரை கேட்கிறதாம்.