மாடிப்படியில் ஒரு சமாதானப் பேச்சு

தௌசிஃப் செங்கல்பட்டில் ஒரு கல்லூரியில் உலக நாடுகளின் சண்டைகளைப் படிக்கிறான். எந்த நாடு எதற்காக எதனோடு முட்டிக்கொண்டது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான். மாமல்லபுரத்தில் தன் வீட்டு மாடியில் குடியிருக்கும் நண்பன் விஷாலோடு ஏன் பேசுவதில்லை என்று கேட்டால்தான் முழிப்பான். விஷால் இரவல் வாங்கிப்போன இவன் வண்டியில் விழுந்த ஒரு கீறல், அவ்வளவுதான். ஊருக்குத்தான் உபதேசம்.

பெருநாளுக்கு அவன் அம்மா சுல்தான் பீவி மாடிக்குக் கொடுத்தனுப்பிய பிரியாணித் தூக்குவாளி திரும்பி வரவேயில்லை. எதிர்த்தரப்பு பகையை அறிவித்துவிட்டது என்று தௌசிஃப் முடிவு கட்டினான். படித்த படிப்பு வீண்போகவில்லை என்று பெருமை வேறு.

விஷாலின் அப்பாவுக்குக் கல்பாக்கத்திலிருந்து மாற்றல் வந்துவிட்டது. விடிந்தால் சாமான் ஏற்ற லாரி வரும். அது தெரிந்ததிலிருந்து தௌசிஃபுக்கு இருப்புக்கொள்ளவில்லை. மறப்பதற்காகப் பாடப் புத்தகத்தைப் பிரித்தான். ஒரு போரை நிறுத்தச் சமாதானம் பேச வந்தவர்கள் எந்த வடிவ மேசையில் உட்காருவது என்று வாரக்கணக்கில் மல்லுக்கட்டினார்களாம். அங்கே ஜனங்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். 'முட்டாப் பசங்க' என்று சிரித்தான். தினமும் விஷால் படியிறங்கிப் போகும்வரை ஜன்னல் இடுக்கில் ஒளிந்து நிற்கும் மகாராஜன் யார் என்று உறைத்ததும் சிரிப்பு நின்றுபோனது. அவர்களாவது மேசைவரை போனார்கள்.

மாடிக்கு ஓடினான். கதவைத் திறந்தது விஷாலின் அம்மா வசுமதி.

"உங்க தூக்குவாளிக்காக வந்தியாப்பா? வெறும் பாத்திரத்தை எப்படித் திருப்பித் தர்றது? பாயசம் வச்சா, 'நானே குடுக்கறேன்'னு இவன் வாங்கிட்டுப் போவான். பாதிப் படியிலேயே திரும்பி வந்து, தானே குடிச்சிடுவான். எத்தனை தடவைதான் வைக்கிறது?"

பின்னால் விஷால் கயிறும் கையுமாக நின்றான். "கீழ உன் செருப்பு கெடக்கும் மச்சான். பார்த்தாலே பேஜாராப் பூடும்."

தௌசிஃப் தொண்டையைக் கனைத்தான். "இரு தரப்பும் முன்நிபந்தனை எதுவுமில்லாமல்..."

"இன்னாடா, நியூஸ் வாசிக்கிற? கட்டிலைப் புடி. கீழ எறக்கணும்."

பிடித்தான். கண் கலங்கிய பழியைக் கட்டிலின் கனத்தின்மேல் போட்டான். படித் திருப்பத்தில் கட்டில் சிக்கிக்கொண்டது. இந்தப் பக்கம் இவன், அந்தப் பக்கம் விஷால். கொஞ்சம் சாய்த்தால் இறங்கிவிடும். இருவருக்குமே அது தெரியும்.

இருவருமே சாய்க்கவில்லை.