யூட் தாங்கும் பாரம்

டோறின் பெரிதாய் ஒன்றும் கேட்டுவிடவில்லை. தென் தீவைப் பார்க்கவேணும், அவ்வளவுதான். இருபத்திரண்டு வருஷம் ஒக்லண்டில் இருந்து, முதியோர் இல்லத்தில் அடுத்தவர்களுடைய கட்டில் விரிப்பை மாற்றி மாற்றியே இடுப்பு முறிந்த மனிசி, கப்பலேறி அந்தப் பக்கம் ஒரு தரம் போனதில்லை. வெட்கக்கேடு என்றுதான் புருஷன் கிளறன்ஸ் சொல்லுவார், தன்னைத்தான்.

இப்போது போகாவிட்டால் இனி இல்லை. டோறினின் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டு மூன்று வருஷம். ஒரு நாளைக்கு நாலு தரம் மருந்துத் தண்ணியை வயிற்றுக்குள் விட்டு, ஊறவிட்டு, வடிக்கவேணும். அந்த வயிறும் களைத்துப்போச்சு, மாரி முடிய ஆஸ்பத்திரி மெசினில்தான் படுக்கவேண்டி வரும் என்று டொக்டர் சொல்லிவிட்டார். கிழமையில் மூன்று நாள் அங்கே கட்டிப்போட்டால் பிறகு எங்கே ஊர் பார்ப்பது?

அதனால்தான் கிளறன்ஸ் ஹென்டர்சனில் ஒருவனிடம் கேம்பர் வாங்கினார். அவருடைய யூட்டின், அந்தப் பிக்கப் வண்டியின், பின்தட்டில் தூக்கி வைக்கிற குட்டி வீடு. கட்டில், அடுப்பு, சிங்க் எல்லாம் உண்டு. கண்ட இடத்தில் நிற்பாட்டலாம், டோறினும் தண்ணி மாற்றலாம். எடை அறுநூற்று நாற்பது கிலோ என்று கதவில் ஒட்டியிருந்தது. யூட் ஆயிரம் கிலோ தாங்கும். பிறகென்ன?

பிறகென்னவா? கிளறன்ஸ் ஒக்லண்டிலேயே மவுண்ட் வெல்லிங்டனில் ஒரு ஸ்டோரில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர். கூடப் பாரம் தூக்கி வண்டி சரிந்து, பக்கத்தில் நின்றவனுடைய கால் போனதைக் கண்ணால் கண்ட மனிசன். ஒட்டின கடதாசியை நம்பாமல், பழைய இரும்பு வாங்குகிற யார்டில் இருந்த எடைமேடைக்குக் கொண்டுபோனார். எழுநூற்று இருபது! பற்றரி, மெத்தை, பிரிட்ஜ் ஒன்றையும் சேர்க்காமல் எடை எழுதியிருந்தான் அந்தக் கள்ளன். அதோடு இரண்டு பேருடைய உடம்பு, காஸ், குடிக்கிற தண்ணி, சாப்பாடு. அதுக்கு மேலே டோறினின் மருந்துத் தண்ணி, நாளுக்கு ஒரு பெட்டி, ஒரு பெட்டி ஒன்பது கிலோ. இரண்டு கிழமைக்குப் பதினாலு பெட்டி. கூட்டிப் பார்த்தால் அறுபது கிலோ கூட நின்றது.

“பெட்டியளை மருந்துக் கொம்பனி அங்கையே இறக்கித் தரும்தானே?” என்று டோறின் கேட்டாள்.

“ஆறு கிழமை முந்திச் சொல்லவேணுமாம். அதுக்குள்ளை அங்கை பனி கொட்டும். ஒரு பெட்டியும் குறையாது, நீர் பேசாமல் இரும். நான் மற்றதைக் குறைக்கிறன்.”

அன்று பிடித்தது பைத்தியம். குளியலறைத் தராசைக் கூடத்தில் வைத்துக்கொண்டு வீட்டிலுள்ள சாமானை எல்லாம் நிறுத்தார். வெளிப்பந்தல் கழன்றது. ரீவி கழன்றது. தண்ணித் தாங்கியைப் பாதிதான் நிரப்புவதென்று முடிவாயிற்று. தன்னுடைய உடுப்பில் இரண்டு சேட்டு மட்டும் எடுத்துவைத்தார். இடியப்ப உரலைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற டோறினிடம், “அது ஒண்டரைக் கிலோவப்பா” என்று பிச்சைக்காரன் மாதிரிக் கெஞ்சினார்.

“இந்தாங்கோ, நீங்களே வைச்சிருங்கோ. என்னையும் நிறுத்தாச்சோ?”

நிறுத்திருந்தார். நாற்பத்தொன்பது. போன மாதம் ஐம்பத்திரண்டு. அதை மட்டும் அவர் வாய் திறந்து சொல்லவில்லை.

கடைசியில் கணக்கு ஒரு மாதிரி ஒத்துவந்தது. பதினாலு பெட்டியையும் தானே தூக்கி, கட்டிலுக்குக் கீழே அடுக்கினார். அடுத்த இரண்டு நாளும் அவர் வேலைக்குப் போக, டோறின் கேம்பருக்குள்ளேயே இருந்து அலுமாரி அடுக்கினாள். எவ்வளவு காலத்துக்குப் பிறகு மனிசி ஒன்றில் ஆசைப்பட்டு இருக்கிறாள் என்று அவருக்குள்ளே ஒரே சந்தோஷம், புளுகம்.

திங்கட்கிழமை விடிய வெளிக்கிட்டார்கள். வியாழக்கிழமைக்குக் கப்பல். போகிற வழியில் கடைசியாய் ஒரு தரம் நிறுத்துவிடுவோம் என்று எடைமேடையில் ஏற்றினார். டோறின் முன்சீற்றில் இருந்தாள். யார்ட்காரன் ஜன்னலால் எண்ணைச் சொன்னான்.

கிளறன்ஸ் திரும்பக் கேட்டார். அவனும் திரும்பச் சொன்னான். அவர் போட்ட கணக்கைவிட நூற்றிருபது கிலோ குறைவு.

“பாரும் டோறின்! நூற்றிருபது குறைவு! உம்மடை உரலையும் கொண்டு வந்திருக்கலாம், பந்தலையும் கழட்டியிருக்கத் தேவையில்லை!” அந்த மனிசன் சின்னப்பிள்ளை மாதிரிச் சிரித்தார். டோறின் சிரிக்கவில்லை. அப்போதுதான் ஃபோர்க்லிஃப்ட்காரனின் மூளை வேலை செய்தது. நூற்றிருபது கிலோ தானாய்க் கரையுமோ? எது அந்த எடை?

இறங்கி ஓடிப்போய்க் கேம்பர்க் கதவைத் திறந்தார். பெட்டிகள் அடுக்கினபடியே இருந்தன. ஒன்றைப் பிடித்து இழுத்தார். அது கையோடு வந்துவிட்டது. உள்ளே வெட்டின பைகள், சப்பளிந்து, ஒன்றின் மேல் ஒன்றாய். அடுத்ததும் அப்படி. அடுத்ததும். எல்லாவற்றையும் ஒவ்வொன்றாய்ச் சிங்குக்குள் ஊற்றியிருக்கிறாள். சீனிக் கரைசல் அது, குழாயால் முற்றத்தில் வடிந்திருக்கிறது. இரண்டு நாளாய் முற்றத்தில் ஏன் அப்படி எறும்பு என்று இப்போது விளங்கியது.

“என்ன வேலை செய்தனீர்!” முன்கதவைப் பிடித்துக்கொண்டு கத்தினார். “உமக்கென்ன விசரோ? நான் திருப்பிறன், வீட்டை போவம். கராஜிலை இன்னும் பெட்டி கிடக்கு.”

“கிடக்கட்டும். நான் இனி வயித்துக்குள்ளை தண்ணி விடமாட்டன் கிளறன்ஸ். நேற்றோடை நிப்பாட்டிட்டன்.”

“ஆர் சொன்னது நிப்பாட்டச் சொல்லி?”

“ஒருத்தரும் சொல்லேல்லை. நான்தான் கேட்டனான். டொக்டர் எல்லாம் விளங்கப்படுத்தினவர், நோவுக்கு மருந்தும் தந்து விட்டவர். ஃபாதரோடையும் கதைச்சிட்டன். உங்களுக்கு மட்டும்தான் சொல்லப் பயமாய் இருந்தது.” அவள் மூச்சு வாங்கினாள். “மெசினிலை படுத்துப் படுத்துச் சாக எனக்கு ஏலாது. சொல்லியிருந்தால் நீங்கள் வெளிக்கிட விடுவீங்களே?”

விட்டிருக்கமாட்டார். அது அவருக்கும் தெரியும். ஒரு மாதமாய்க் கிலோ கிலோவாய்க் கழித்த மனிசன், அந்த நூற்றிருபது கிலோவும் திரும்பி வராதோ என்று யூட்டில் சாய்ந்து நின்று வாய்விட்டு அழுதார். பின்னால் லொறிக்காரன் ஹோர்ன் அடித்தான். அடித்தால் அடிக்கட்டும்.

பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு ஏறினார். யூட்டை மேடையால் இறக்கி, ஓரத்தில் நிற்பாட்டினார்.

“எவ்வளவு நாளாம்?”

“ஒரு கிழமை. கூடினால் பத்து நாள்.”

வியாழக்கிழமை வரைக்கும் கப்பலேறுகிற வெலிங்டனில் காத்துக்கொண்டு இருக்க இனி நாள் இல்லை. கிளறன்ஸ் ஃபோனை எடுத்துக் கப்பல் கொம்பனிக்கு அடித்தார். நாளைக்கு மத்தியானக் கப்பலில் யூட்டுக்கு இடம் இருந்தது. மாற்றினதும், திரும்பி வருகிற திகதியையும் மாற்றவேணுமோ, வரும்போதும் இரண்டு பேர்தானே என்று ஃபோனில் கதைத்த பெட்டை கேட்டாள்.

ஸ்பீக்கரில் டோறினுக்கும் கேட்டது. அவள் அவருடைய கையைத் தொட்டு, “ஒராள் எண்டு சொல்லுங்கோ” என்றாள் மெல்ல.

“ரெண்டு பேர்,” என்றார் கிளறன்ஸ். பெட்டைக்கு விளங்கவில்லை. அவர் இங்கிலீஷில் திரும்பச் சொன்னார், இரண்டு பேர் என்றே.