ஸ்ட்ராகன் பண்ணைப் புழுக்கூழ்

ஆர்ச்சி மில்ன் கரண்டியைத் தூக்கிப் பார்த்தான். ஓட்ஸ் மாவில் வெந்நீர் ஊற்றிக் கிண்டிய கூழுக்குள் ஒரு வெள்ளைப் புழு நெளிந்தது.

“தண்ணியக்கூட ஒழுங்காக் கொதிக்க வைக்கல பாரு, உசுரோட கெடக்கு” என்றார் எதிரே இருந்த ஹியூகி. பண்ணையில் அவர்தான் மூத்த உழவர். தன் கிண்ணத்திலிருந்து இரண்டைப் பொறுக்கி எறிந்துவிட்டு, மீதியைக் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினார்.

மூன்று வேளையும் அதே கூழ்தான். மாவுப் பெட்டியில் எலிப்புழுக்கை, பாலில் மாட்டு மயிர். ஆர்ச்சியும் மற்ற உழவர்களும் ஆறு மாதக் கூலிக்கு ஒப்புக்கொண்டு வந்தவர்கள். நடுவில் போனால் கோர்ட்டுக்கு இழுப்பார்கள். ஹியூகி ஒருமுறை பண்ணைக்காரர் கில்பர்ட் ஸ்ட்ராகனிடமே போய்ச் சொன்னார்.

“புழுவும் கறிதானய்யா. சும்மா கெடைக்குதேன்னு சந்தோஷப்படு” என்று அந்த ஆள் வயிறு குலுங்கச் சிரித்தார்.

ஆர்ச்சிக்கு எதிர்த்துப் பேச வராது. பிடில் வரும். லாயத்தை ஒட்டிய அறையில் உட்கார்ந்து ஒரு ஆட்ட மெட்டுக் கட்டினான். நொண்டி நொண்டி நடக்கிற மெட்டு. அடிக்கொரு தரம் ஒரு குட்டைச் சுரம் வெடுக்கென்று விழுந்து நீண்ட சுரத்தில் முட்டும். அந்த இடம் வந்ததும் அறையிலிருந்த அத்தனை பேரும் “த்தூ!” என்று துப்புவார்கள். ‘புழுக்கூழ்’ என்றே அதற்குப் பெயர். இரண்டே வாரத்தில் பக்கத்துப் பண்ணை உழவர்களும் ஏர் ஓட்டிக்கொண்டே அதைச் சீட்டியடித்தார்கள்.

அந்தச் சீட்டி ஸ்ட்ராகன் காதிலும் விழுந்தது; பெயர் தெரியாமலே மெட்டு அவருக்குப் பிடித்துப்போனது. “அடேய், என் பொண்ணு கல்யாணத்துக்கு நீதான் இதை வாசிக்கணும்” என்றார் ஆர்ச்சியிடம்.

கல்யாணத்தன்று மத்தியானம், களஞ்சியத்தில் கூட்டம் நெரிந்தது. ஆர்ச்சி பிடிலில் வில்லை இழுத்ததும் ஸ்ட்ராகனே ஆட இறங்கிவிட்டார். மோவாயில் ஆட்டுக் கொழுப்பு வழிய, ஒவ்வொரு வெடுக்குக்கும் தொடையைத் தட்டினார். வாசலில் நின்ற வேலைக்காரர்கள் சிரிப்பை அடக்க முடியாமல் தொப்பியைக் கடித்துக்கொண்டார்கள். ஆர்ச்சிக்குப் பிறந்ததிலிருந்து அப்படி ஒரு சந்தோஷம் வந்ததில்லை.

மெட்டு முடிந்தது. “பிரமாதம்டா! பேரென்ன இதுக்கு?” என்று மூச்சு வாங்கக் கேட்டார் ஸ்ட்ராகன்.

கூட்டம் அடங்கியது. வாசலில் ஹியூகி, சொல்லேன் என்பதுபோலப் புருவத்தை உயர்த்தினார்.

“ஸ்ட்ராகன் துரையின் குதூகலம்... உங்க பேருலதாங்க கட்டினேன்” என்றான் ஆர்ச்சி.

எங்கிருந்து வந்தது அந்தச் சொல் என்று அவனுக்கே விளங்கவில்லை. கூரை அதிரக் கைதட்டினார்கள். ஸ்ட்ராகன் தட்டிலிருந்து ஒரு கொழுத்த துண்டை விரலால் பிய்த்து, “தெறடா வாயை” என்றார். நகத்தில் கறுப்பாக அழுக்கு. ஆர்ச்சி வாயைத் திறந்தான். அந்த விரல் நாக்கில் பட்டது. கறி ருசியாக இருந்தது.

மறுநாள் லாயத்து அறையில் ஹியூகி மட்டும் பேசினார். “உண்மைப் பேரைச் சொல்லப் பயமா இருந்தா விட்டிருக்கலாமேடா. தெரியலைங்கன்னாவது சொல்லியிருக்கலாமே.”

அதன்பிறகு தவணை முடிகிறவரை யாரும் ஆர்ச்சியை வாசிக்கச் சொல்லவில்லை.

கல்யாணத்துக்கு வந்திருந்த பள்ளி ஆசிரியர் ஒருவர் மெட்டைத் துரையின் பெயரிலேயே எழுதி அனுப்ப, எடின்பரோ நகரத்தில் அது ஒரு மெட்டுப் புத்தகத்தில் அச்சாகிவிட்டது. ஆர்ச்சி நாற்பது மைல் தள்ளி வேறு பண்ணைக்குப் போனான். அங்கேயும் ஒரு கல்யாண வீட்டில் ‘ஸ்ட்ராகன் துரை’யை வாசிக்கச் சொன்னார்கள்.

“அது துரை மெட்டு இல்லைங்க, புழுக்கூழ். நான்தான் கட்டினேன்” என்று எல்லாவற்றையும் கொட்டினான்.

வீட்டுக்காரர் சிரித்தார். “நல்லாக் கதை விடுறப்பா! புத்தகத்துலயே போட்டிருக்கான், பெரிய மனுஷன் பேரு. அதைப் போயி இப்படி அசிங்கப்படுத்துறியே!”

ஆர்ச்சி பிடிலைப் பெட்டியில் வைத்து மூடினான். சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார்கள். வேண்டாம் என்று கிளம்பிவிட்டான்.