வருகை பதிவானது

காலை ஏழு மணிக்குள் விரல் வைத்தாக வேண்டும். கல்லூரித் துப்புரவுப் பெண்களின் வரிசையில் கடைசியாக நின்ற லேப் அக்கா, கட்டை விரலைப் புடவையில் தேய்த்துக்கொண்டிருந்தாள். பன்னிரண்டு வருஷம் ஆசிட் ஊற்றி ஆய்வகத்தைக் கழுவியதில் ரேகையெல்லாம் போயே போய்விட்டது. விரலை வைத்தாள். "அடையாளம் இல்லை" என்றது இயந்திரம், தேனொழுகும் பெண் குரலில்.

"பாழாப்போன பொட்டி! நான் உயிரோட இருக்கேன்னு இதுக்கு யாருடி சொல்றது?" என்று அக்கா சிரித்தாள். பக்கத்தில் நின்ற விடுதி மாணவிக்குச் சிரிப்பு வரவில்லை. தடித்த கண்ணாடி போட்டதால் அவளைச் சோடாபுட்டி என்பார்கள். அக்கா வந்து உழைத்த ஒன்பது நாள் அந்த மாதம் வராத நாளாகக் கணக்காகிவிட்டது என்று அவளுக்குத் தெரியும்.

சமூக நீதி வகுப்பில் பேராசிரியர் சொல்லியிருந்தார்: "பரீட்சைக்கு எழுதினது போதும். கண்ணெதிரே நடக்குறதக் கேளுங்க." சோடாபுட்டியும் தோழிகளும் மனு கொடுத்தார்கள். ரேகையை மறுபடி பதியலாம் என்று மட்டும் பதில் வந்தது. பதியப் போன அன்று, எழுத்தர் டீயை எடுக்கத் திரும்பியதும் சோடாபுட்டி தன் கட்டை விரலை வைத்துவிட்டாள்.

"அடிப்பாவி! மாட்டிக்கிட்டா?" என்று அக்கா பதறினாள்.

"நான் இங்கதானே இருக்கேன்? காலைல ஏழு, சாயங்காலம் அஞ்சு. நான் பாத்துக்கறேன்க்கா."

இரண்டு மாதம் ஒரு குறையுமில்லை. பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, ஐந்து மணிக்கு அக்கா வாசலுக்கு வரவில்லை. வேலை இழுக்கிறது போலும் என்று சோடாபுட்டி வழக்கம்போல விரல் வைத்தாள். "நன்றி. சென்று வாருங்கள்." சனிக்கிழமை காலை மறுபடி வைத்தாள். "வணக்கம். வருகை பதிவானது." அந்தக் குரல் அடங்குமுன் ஆய்வகத்திலிருந்து அலறல் கேட்டது.

காற்றுப் போக வழியில்லாத, ஆசிட் நெடி மண்டிய தொட்டியறையில் அக்கா குப்புறக் கிடந்தாள். உடம்பு விறைத்திருந்தது. பிரஷ் இன்னும் கையில் இருந்தது.

"நேத்து அஞ்சு மணிக்கே கெளம்பிட்டாங்க" என்றார் மேலாளர், வருகைப் பதிவை அக்காவின் புருஷனிடம் காட்டி. "வேலை நேரத்துல நடந்தாத்தான் இழப்பீடு."

"ராத்திரி தேடி வந்தப்பவும் காவலாளி இதத்தான் சொன்னாரு. உள்ள யாரும் போய்ப் பாக்கல" என்றான் அவன். "ஆனா இதுல இன்னிக்கு ஏழு மணிக்கு வந்ததாவும் போட்டிருக்கே. அப்ப அவ செத்துல்ல கெடந்தா?"

வாசலில் நின்ற சோடாபுட்டி உள்ளே வந்தாள். சொன்னால் படிப்பு போகும். சொல்லாவிட்டால் இந்த மனுஷனுக்கு ஒன்றுமே கிடைக்காது.

"சார், வெரல் வச்சது நான்தான். அக்கா வெளியவே போகல."

மேலாளர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. மேஜையிலிருந்த விரல் பதிவுப் பெட்டியை அவள் பக்கம் தள்ளினார். "எங்க, வச்சுக் காட்டு."

வைத்தாள். திரையில் அக்காவின் முகம் வந்தது.

"பாத்தீங்கல்ல?" என்றார் மேலாளர், புருஷனிடம். "உங்க சம்சாரம் படம்தானே வருது? இந்தப் பொண்ணு எங்க இருக்கு இதுல?"

அவன் கையெடுத்துத் திரையைத் தொட்டான். அதன் கீழே பச்சை எழுத்தில் "பணியில் உள்ளார்" என்றிருந்தது.