ஆறக்கூடாத புண்

சீனி முகம்மதுவின் உடம்பில் புண் தங்காது. துறைமுகத்தில் இருபத்திரண்டு வருஷம் அரிசி மூட்டை தூக்கியவர். கொக்கி கிழித்த தோளோடு மூன்றாம் நாளே வேலைக்குப் போனவர். அந்தப் பெருமையில் மனைவி ஹமீதாவுக்கும் பங்கு உண்டு. காயம் என்று வந்து நின்றால், ஜெலுத்தோங் மீன் பாசாரில், புண்ணை ஆற்றும் என்று உயிர் விரால் வாங்கி, இஞ்சி தட்டிப் போட்டு சூப் வைத்துக் கொடுத்தவள் அவள்தானே.

கண் அழுத்த நோயில் அவருடைய இடது கண் போய்விட்டது. வலது கண்ணாவது மிஞ்சட்டும் என்று, உள்ளே தேங்கும் நீர் வடிய வெள்விழியில் சின்னத் துளை போட்டார்கள். அதற்கும் பதினான்கு நாள் விரால் சூப்.

ஒரு மாதத்தில் அழுத்தம் பழையபடி ஏறியது.

"துளை மூடிக்கிச்சு அண்ணே," என்றார் டாக்டர் கமலாம்பிகை. "காயம் பட்டா, வளர்ச்சிக் காரணின்னு ஒண்ணு உடம்புல ஊறி, தழும்பு போடு, மூடுன்னு சொல்லும். உங்களுக்கு அது ரொம்பச் சுறுசுறுப்பு."

"அத நிப்பாட்ட மருந்து இல்லையா?" என்று கேட்டார் சீனி முகம்மது.

"வெளிநாட்டுல தேடிக்கிட்டு இருக்காங்க. கைக்கு வரல. இப்போதைக்குத் திரும்பக் கீறி, தழும்பு வளராம ஊசி போடலாம். அதுவும் மூடிக்கிட்டா இந்தக் கண்ணும் போயிடும்."

ஹமீதா நாற்காலியில் முன்னால் நகர்ந்தாள். "விரால் சூப் கொடுத்தேன் டாக்டரம்மா. தினமும்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "மீனாலதான்னு சொல்ல முடியாது அக்கா. ஆனா இந்தத் தடவை வேணாம்லா."

வீடு திரும்பி பஸ்ஸை விட்டு இறங்கும்போது சீனி முகம்மது, "நல்லாத்தான் ஆக்கிப் போட்டே," என்றார்.

மறுபடி கீறி, ஊசியும் போட்டு அனுப்பினார்கள். மூன்றாம் நாள் மேல்மாடியில் குடியிருக்கும் காமாரியா மூடி போட்ட வாளியோடு வந்தாள். உள்ளே உயிர் விரால்.

"அண்ணனுக்கு. சட்டுன்னு ஆறிடும்."

விளக்கிச் சொல்ல ஹமீதாவுக்குத் தெம்பில்லை. வாங்கிக் குளியலறையில் வைத்தாள்.

"என்ன சத்தம்?" என்றார் அவர், கண்மேல் கவசத்தோடு படுத்தபடி.

"காமாரியா குடுத்த விரால்."

"ஆக்கலையா?"

"ஆறக்கூடாதாம்ல உங்களுக்கு."

அவர் சிரிக்கப் பார்த்தார். "அத நீயே அல்லாகிட்ட கேளு. எனக்கு வாய் வராது."

ஹமீதா மாலையில் அஸர் தொழுதுவிட்டுக் கையேந்தினாள். கல்யாணமான நாளிலிருந்து அவர் காயம் ஆற வேண்டும் என்றே கேட்டுப் பழகிய வாய். குளியலறையில் மீன் மூடியை அடித்தது.

"மூட விட்டுடாதே," என்று மட்டும் சொல்லி முகத்தைத் தடவிக்கொண்டாள்.

இனி வாளியைத் தூக்கிக்கொண்டு மாடியேற வேண்டும். காமாரியாவிடம் என்ன சொல்லித் திருப்பிக் கொடுப்பது என்றுதான் தெரியவில்லை.